அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்

தத்தெடுக்க ஆசைப்பட்டு, செலவை எண்ணித் தயங்கி நிற்கும் தமிழ்நாட்டுத் தம்பதியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா, தங்கைகளுக்கும் அண்ணன், தம்பிகளுக்கும்,



பட்டுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். தனியார் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் கணவர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். 2019 கார்த்திகையில் எங்கள் மகள் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை. ஊருக்கும் தெரியும், உறவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம், பத்து வருஷம் ஆனவர்கள். காப்பி ஆறும்வரை வேறெதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு வந்திருக்கும் அக்கா என்னை அடுப்படிப் பக்கம் அழைத்துப்போய்த் தணிந்த குரலில் ஒன்றைக் கேட்பார்: “மொத்தம் எவ்வளவும்மா ஆச்சு?”

இந்தக் கேள்வியைத் தணிந்த குரலில் கேட்க வேண்டியதே இல்லை. இதற்குச் சரியான பதில் தெரியாததால்தான் நம்மில் பாதிப் பேர் ‘நம்மால் ஆகாது’ என்று பின்வாங்கிவிடுகிறோம். மீதிப் பேரில் சிலர் தப்பான ஆளிடம் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாறுகிறார்கள். அதனால் அடுப்படியில் சொன்னதை இங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை கைக்கு வரும்வரை கட்டணமாக எங்களுக்கு ஆனது 46,000 ரூபாய்.

இரண்டு தவணை. 2017இல் பதிவு செய்தபோது வீட்டு ஆய்வு அறிக்கைக்கு 6,000. 2019இல் குழந்தையைக் கையில் வாங்கியபோது குழந்தை பராமரிப்பு நிதிக்கு 40,000. இரண்டுக்கும் ரசீது உண்டு. 2017ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளில் அட்டவணை போட்டு அச்சிட்டிருந்த தொகை அது. யாரும் பேரம் பேசவில்லை, யாரும் சலுகையும் காட்டவில்லை. 2022இல் புதிய விதிமுறைகள் வந்துவிட்டன. இன்றைய தொகை என்ன என்பதை, காரா என்று எல்லாரும் சொல்லும் மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்திலோ, உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆயிரங்கள் கூடியிருக்கும். லட்சம் ஆகியிருக்காது.

லட்சங்களை நாங்கள் செலவழித்தது அதற்கு முன்னால். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். திருச்சியில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் மூன்று தடவை முயன்றோம். ஊசி, மாத்திரை, ஸ்கேன், அறை வாடகை என்று ஐந்தரை லட்சம் போனது. பதினோரு பவுன் பேங்க்கில் அடமானத்தில் இருந்தது. சிகிச்சையைக் குறை சொல்லவில்லை. அதில் பிள்ளை பெற்றவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தத்தெடுப்பு என்ற வாசலுக்கு நாம் வந்து சேரும்போது பெரும்பாலும் கை வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நாற்பதாயிரமும் மலையாகத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவர் வந்து, ‘நான் ஏற்பாடு பண்ணித் தர்றேன்’ என்பார்.

எங்களிடமும் வந்தார்கள். 2018. பதிவு செய்து ஒரு வருஷம் ஓடியிருந்தது. வரிசை எண் நகர்வதே தெரியவில்லை. எப்போதோ ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒரு அம்மா போன் செய்தார். “தஞ்சாவூர்ல ஒரு புள்ள இருக்கு. பொம்பளப் புள்ளைன்னா மூணு, ஆம்பளப் புள்ளைன்னா நாலரை. பொறந்த சர்டிபிகேட் ஒங்க பேருலயே வந்துரும். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

உங்களிடம் மறைக்க மாட்டேன். இரண்டு ராத்திரி நாங்கள் தூங்கவில்லை. என் கணவர் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டார். அடமான நகையைத் திருப்பி விற்றால் இவ்வளவு, கடைச் சரக்கின் மேல் இவ்வளவு, மச்சானிடம் கைமாற்றாக இவ்வளவு. மூன்று லட்சம் வந்துவிட்டது. நான் மனதுக்குள் பெயர் வைக்கவும் தொடங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் கடைக்காரர். பத்து ரூபாய் ஸ்விட்சுக்கும் பில் எழுதுகிறவர். “பணத்துக்கு ரசீது தருவீங்களாம்மா?” என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “புள்ளைக்கு யாராச்சும் ரசீது குடுப்பாங்களா தம்பி?” என்று கேட்டார். இவர் போனை வைத்துவிட்டார். காலண்டர் தாளை நாலாக மடித்து அடுப்பில் போட்டார்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் ராசிபுரம் செய்தி வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் போனில் பேசியதாகச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை, நிறமாக இருந்தால் கூடுதல் விலை. பிறப்புச் சான்றிதழுக்குத் தனிப் பணம். விசாரணை கொல்லிமலை வரை நீண்டது. அந்தக் குரலைக் கேட்டபோது என் கை கால் நடுங்கியது. எங்களிடம் பேசியது அவர் அல்ல, வேறொருவர். ஆனால் பேச்சு ஒன்றுதான். அந்த ஏப்ரலில்தான் எங்கோ ஒரு ஊரில் என் மகள் பிறந்திருக்கிறாள். இரண்டு ஆண்டு கழித்து 2021இல் மதுரையில் ஒரு காப்பகம், குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டிவிட்டு விற்ற செய்தியையும் படித்தோம்.

இப்படிக் கேட்கும் பணம் உண்மையில் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். ஏழ்மையில் தவிக்கும் ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து எடுப்பதற்கான கூலி அது. இடையில் நிற்பவர்கள் எடுத்துக்கொண்டது போக அவளுக்கு எவ்வளவு போய்ச் சேரும்? நமக்குப் பிள்ளை இல்லாத வலி தெரியும். இன்னொருத்தியின் பிள்ளையை விலைக்கு வாங்கி அந்த வலியை ஆற்ற முடியுமா? முறையான வழியில் ஒரு தாய் குழந்தையை ஒப்படைத்தால்கூட, குழந்தைகள் நலக் குழு அவளுக்கு 60 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் மனம் மாறினால் அவள் பிள்ளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்த அறுபது நாளை மதிப்பவர்கள்தான் நல்ல பெற்றோராக இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆவது பிரிவுப்படி குழந்தையை விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. ஆஸ்பத்திரி ஊழியர் அதைச் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு. ‘முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கித் தருகிறோம்’ என்பார்கள். அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. என்றைக்காவது விஷயம் வெளியே வந்தால் போலீஸ் உங்களைத் தேடி வரும். அதைவிடப் பெரிய தண்டனை, அதற்குள் உங்களை ‘அம்மா’ என்று கூப்பிடப் பழகிவிட்ட பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோவது.

ஆகவே முதல் பேச்சு இதுதான். ரசீது தராத எந்தக் கைக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முறையான தத்து நிறுவனத்திலும் அட்டவணைக்கு மேலே ‘நன்கொடை’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள். தத்தெடுக்க வருபவர்களிடம் நன்கொடை வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை.

இனி நேர்வழியில் ஆகும் செலவுக்கு வருகிறேன். கட்டணம் மட்டும்தான் செலவு என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். எங்கள் கணக்கு நோட்டில் இருப்பதை அப்படியே சொல்கிறேன்.

குழந்தை இருந்த ஊர் எங்களுக்கு ஐந்து மணி நேரப் பயணம். மூன்று தடவை போய் வந்தோம். பார்க்க ஒரு தடவை, அழைத்துவர ஒரு தடவை, நீதிமன்றத்துக்கு ஒரு தடவை. பஸ், லாட்ஜ், சாப்பாடு, திரும்பும்போது கைக்குழந்தைக்காக ஒரு கார். அவளுடைய மருத்துவ அறிக்கையை எங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். தொட்டில், பால் பவுடர், உடுப்பு. எல்லாம் சேர்ந்து இருபத்தைந்தாயிரத்தைத் தொட்டது.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் வலித்தது விடுப்பு. என் சம்பளம் அப்போது 14,000. மகள் வந்ததும் மூன்று மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தேன். 42,000 போனது. தத்து நிறுவனத்துக்குக் கட்டிய தொகையைப் போல இன்னொரு பங்கு, ரசீதே இல்லாமல் கரைந்துபோனது.

2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் சம்பளத்துடன் விடுப்புத் தந்தது. ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்குக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்றது. மேலே சொன்ன அறுபது நாள் அவகாசம், பிறகு குழந்தையைச் சட்டப்படி தத்துக்கு உரியதாக அறிவிப்பது, பிறகு நமக்குத் தகவல் வருவது என்று எல்லாம் முடிவதற்குள் பெரும்பாலும் குழந்தைக்கு மூன்று மாதம் தாண்டிவிடும். அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனதற்குக் காரணம் இதுதான். மத்திய அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள் விடுப்பு உண்டு. ஆண்களுக்கு 15 நாள். மாநில அரசு ஊழியர்களுக்கும் தத்தெடுப்பு விடுப்பு இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் பதிவு செய்த மாதமே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகவே விடுப்புத் தருகின்றன. சிலவற்றில் தத்தெடுப்புச் செலவுக்கென்றே ஒரு தொகையும் உண்டு. கேட்பவர்கள் இல்லாததால் அந்த விதி கோப்பிலேயே கிடக்கும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கர்ப்பமான பெண் மேலதிகாரியிடம் சொல்வதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் பணத்துக்கு என்ன வழி? எனக்குத் தெரிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வழி, காத்திருக்கும் காலமே. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். 2024-25இல் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 4,515 பேர்தான். கைக்குழந்தை வேண்டும் என்று கேட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பு நெஞ்சை அரிக்கும், எனக்குத் தெரியும். அதைச் சேமிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். பதிவு செய்த வாரமே பேங்க்கில் 36 மாதத்துக்கு ஒரு ஆர்.டி. போடுங்கள். மாதம் 1,500 ரூபாய் கட்டினால் அசல் மட்டும் 54,000. நாங்கள் மாதம் ஆயிரம் போட்டோம். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் பாஸ்புக்கில் பதிவு விழும்போது எனக்கு என்னவோ வயிறு கொஞ்சம் மேடிட்டது போலவே இருக்கும்.

இரண்டாவது, கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் எங்கே வாங்குவது என்பது. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுவின் உள்கடனைக் கேளுங்கள். அரசு, நிறுவன ஊழியர்கள் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தைக் கேளுங்கள். நகைக்கடன் என்றால் பேங்க்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். கந்துவட்டிப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். பிள்ளை தவழும் வீட்டு வாசலில் வட்டிக்காரன் வந்து நிற்கக் கூடாது.

மூன்றாவது, உறவு. இதை எழுதத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. நம் ஊரில் ஒரு பெண் உண்டானால் வளைகாப்பு, சீர், தலைப்பிரசவம் தாய்வீட்டில், பெயர் வைக்கும்போது மாமன் வீட்டு நகை என்று எத்தனை கைகள் தாங்குகின்றன! அரசாங்கமும் தாங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. தத்தெடுக்கும் பெண்ணுக்கு வயிறு மேடிடுவதில்லை. அதனால் யாருக்கும் சீர் செய்யத் தோன்றுவதில்லை; நமக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

குழந்தையைப் பார்க்க வரச்சொல்லித் தகவல் வந்த அன்று என் அம்மா மதுக்கூரிலிருந்து வந்தார். பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, நகைக்கடை மஞ்சள் பர்ஸ் ஒன்றை எடுத்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். எண்ணியபோது இருபத்தைந்தாயிரம் இருந்தது. “இது என்னம்மா?” என்றேன். “ஒன் பிரசவத்துக்குன்னு எடுத்து வச்சதுடி. பழைய நோட்டு செல்லாதுன்னப்போ மாத்தி மாத்தி வச்சேன். இப்ப பிரசவந்தானே?” என்றார். அதற்குமேல் நாங்கள் இருவருமே பேசவில்லை.

உங்கள் அம்மாவிடமும் அப்படி ஒரு முடிச்சு இருக்கலாம். நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் அது அவிழும். வீட்டுக்குத் தெரியாமல் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மறைப்பதற்கு ஆகும் செலவு, தத்தெடுப்பதற்கு ஆகும் செலவைவிடப் பெரியது. எங்கள் பக்கம் பேராவூரணி, கீரமங்கலத்தில் மொய் விருந்து வைத்துக் கடையை நிமிர்த்துகிறார்கள், வீட்டைக் கட்டி முடிக்கிறார்கள். கொடுப்பதும் வாங்குவதும் திருப்பிச் செய்வதும் நம் ரத்தத்தில் ஊறியவை. ஒரு பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு அந்தக் கைகள் நீளாதா? மகளுக்குக் காது குத்தியபோது எங்களுக்கு வந்த மொய்யில்தான் பயணச் செலவுக்கு வாங்கிய கடன் முழுதும் அடைந்தது.

நான்காவது, குழந்தை வந்தபிறகு கிடைப்பவை. தத்து ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை எல்லா வகையிலும் உங்கள் பிள்ளை. எங்கள் காலத்தில் நீதிமன்றம் ஆணை கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். அந்த ஆணையை வைத்து ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அலுவலகக் காப்பீடு இருந்தால் அதில் சேர்க்க எழுதிக் கொடுங்கள். பெண் குழந்தை என்றால் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்குங்கள்.

ஐந்தாவதாக, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் குறைவு. அவர்கள்தான் நமக்காகக் காத்திருக்கிறார்கள். ‘ஆசை இருக்கிறது, மருத்துவச் செலவுக்குப் பயமாக இருக்கிறது’ என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் துணையும் இருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பயிற்சியும் சிகிச்சையும் இலவசம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ என்ற காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் வருமானத்தில் 75,000 ரூபாயும், பாதிப்புக் கடுமையாக இருந்தால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். எல்லாச் செலவையும் இவை ஈடுகட்டிவிடாது. ஆனால் தனியாக நிற்கவில்லை என்ற தெம்பைக் கொடுக்கும்.

உங்களில் சிலர் கேட்கும் இன்னொரு கேள்வி: “நாங்க வாடகை வீட்டுலதான் இருக்கோம், எங்களுக்குக் கொடுப்பாங்களா?” கொடுப்பார்கள். சொந்த வீடு வேண்டும் என்றோ மாத வருமானம் இவ்வளவு வேண்டும் என்றோ விதியில் இல்லை. குழந்தையை வளர்க்கும் அளவுக்குப் பொருளாதார வசதி இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் அக்கா வருமானச் சான்றைப் பார்த்தார். கடன் எவ்வளவு என்று கேட்டார். நகை அடமானத்தில் இருப்பதை நான் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, “மாசா மாசம் வட்டி கட்டுறீங்கல்ல?” என்று மட்டும் கேட்டார். பிறகு எங்கள் படுக்கையறை ஜன்னல் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, “இதைச் சரி பண்ணிடுங்க, புள்ள ஏறும்” என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாக, பிள்ளை வரப்போகிறது என்று என் மனம் நம்பியது.

வயதைப் பற்றியும் கவனமாக இருங்கள். பணம் சேரட்டும் என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. கட்டணத்தின் பெரும்பகுதி குழந்தை கைக்கு வரும்போதுதான். ஆறாயிரம் கையில் இருந்தாலே முதல் படியில் கால் வைத்துவிடலாம். மீதியைக் காத்திருக்கும் காலம் சேர்த்துக் கொடுக்கும்.

யாராவது உங்களிடம் வந்து, ‘ஒரு ஏழைப் பொண்ணு புள்ளைய வளர்க்க முடியாமத் தவிக்குது, நீங்க எடுத்துக்கிறீங்களா’ என்று கேட்டால், ஆசையை ஒரு நிமிடம் அடக்கிக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். பெற்றவளிடமே பிள்ளை வளர்வதற்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்கக்கூடும். அவளுக்கு வேண்டியது அந்த நாலாயிரமாக இருக்கலாம். அதற்குப் பிறகும் அவளால் முடியவில்லை என்றால், அந்தப் பிள்ளை முறையான வழியில் ஒரு வீட்டுக்குப் போகும். அது உங்கள் வீடாக இல்லாமல் போகலாம். உங்களுக்கான பிள்ளை வேறு வழியில் வந்துகொண்டிருக்கும்.

முடிப்பதற்கு முன் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பள்ளியிலிருந்து வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள். “அம்மா, என்னைக் காசு குடுத்தா வாங்குனீங்க?” என்று கேட்டாள். கூடப் படிக்கும் பிள்ளை யாரோ வீட்டில் கேட்டதைச் சொல்லியிருக்கிறது. இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் வரும். எத்தனை மறைத்தாலும் வரும்.

நான் பீரோவைத் திறந்து நீல ஃபைலை எடுத்தேன். ஆணையின் நகல், அவள் முதல் போட்டோ, அதற்கு அடியில் இரண்டு ரசீதுகள். நாற்பதாயிரத்துக்கான ரசீதை அவள் கையில் கொடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் எதற்காகப் பணம் என்று எழுதியிருந்தது. ‘குழந்தை பராமரிப்பு நிதி’ என்று சொல்லிக் கொடுத்தேன்.

“பராமரிப்புன்னா?”

“பாத்துக்கிறது. நீ அங்க இருந்தப்ப உனக்குப் பால் குடுத்து, குளிப்பாட்டி, ஊசி போட்டு ஏழு மாசம் பாத்துக்கிட்டாங்கல்ல? அதுபோல அங்க இருக்கிற மத்தப் பாப்பாங்களையும் பாத்துக்கறதுக்கு நம்ம வீட்டுப் பங்கு.”

அவள் தாளை இன்னொரு தடவை பார்த்தாள். விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டு, “அப்ப எனக்கு முன்னாடி ஒரு பாப்பாவைக் கூட்டிட்டுப் போனவங்க எனக்குப் பால் வாங்கிக் குடுத்திருக்காங்க” என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

அந்த இரண்டு ராத்திரிக் கணக்கில் நாங்கள் விழுந்திருந்தால், அன்றைக்கு அவளுக்கு எடுத்துக்காட்ட என்னிடம் ஒரு தாளும் இருந்திருக்காது. அதனால் சொல்கிறேன். ஆயிரம் ஆயிரமாகச் சேருங்கள், கேட்கக் கூடியவர்களிடம் கூசாமல் கேளுங்கள், காத்திருங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் அது தேவைப்படும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த வரிசையில் நின்ற ஒரு அம்மா